அரைப் பேரும் அரை செட்டும்

போன வருஷம் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்த லீவில் நான் கொல்ப் மட்டை வாங்கினேன். இதை முதலில் சொன்னது என் அறைத்தோழியிடம். அவள் யாழ்ப்பாணம். கட்டிலில் படுத்திருந்தவள் எழும்பி உட்கார்ந்தாள்.

"கொல்ப்போ? உனக்கென்ன விசரே? அது மந்திரிமாரும் கொம்பனிக்காரரும் விளையாடுறதெல்லோ."

அவளில் பிழை சொல்ல முடியாது. இந்த நாட்டில் கொல்ப் வந்து நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. கொழும்பில் 1879இல் தொடங்கினார்கள். நுவரெலியாவில் 1889இல். பேராதனையிலிருந்து பஸ் ஏறினால் திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு மைதானம் இருக்கிறது. ஆனால் எங்கள் பெச்சில் கொல்ப் மட்டையைக் கையால் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்கூட குறைவு.

எங்கள் வீட்டில் ஒருவர் தொட்டிருக்கிறார். அப்பா. 22 வருஷம் நுவரெலியாவில் அவர் கெடி. அதாவது விளையாட வருகிறவரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு 18 குழியும் கூடவே நடப்பவர். மட்டைகள் நிறைந்த பை 12, 13 கிலோவுக்குக் குறையாது. மழையென்றால் குடையும் சேரும். எந்தக் காற்றுக்கு எந்த மட்டை, புல் ஈரமாக இருந்தால் பந்து எவ்வளவு ஓடும், இந்தச் சரிவில் எந்தப் பக்கம் வளையும் எல்லாம் அவருக்குத் தெரியும். சொந்தமாக ஒரு மட்டை அவரிடம் இருந்ததில்லை. இப்போது முழங்கால் விடுவதில்லை. தோட்டத்தில் மரக்கறிப் பாத்தியோடு இருக்கிறார்.

நான் ஏன் வாங்கினேன் என்பதற்கு ஒரு அசைன்மென்ட்தான் காரணம். காலனித்துவ மலைநகரங்கள் பற்றி எழுத வேண்டியிருந்தது. நான் நுவரெலியாவை எடுத்தேன். 1840களில் சாமுவேல் பேக்கர் வந்து குடியேறியது, ஆங்கிலேயர் தங்கள் ஊரின் குளிரையும் புல்வெளியையும் இங்கே தேடியது, குதிரைப் பந்தயத் திடல், கொல்ப் மைதானம் எல்லாம் எழுதினேன். கொல்ப் என்பது ஆளும் வர்க்கத்தின் விளையாட்டு என்று முடித்தேன். நல்ல மார்க்ஸ் வந்தது. வீட்டுக்குப் போனபோது அப்பா "என்னா எழுதின, வாசிச்சுக் காட்டு" என்றார். வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரிதாம்மா. ஆனா அது நல்ல வெளையாட்டு."

அவ்வளவுதான். கோபமில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. 12 பக்கத்தில் கெடி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அதுவும் "சுரண்டப்பட்டவர்கள்" என்ற பட்டியலில். அப்பாவுக்கு அந்த விளையாட்டில் ஒரு ருசி இருந்திருக்கும், ஒரு அறிவு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தெரிந்ததை நானும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேணும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நினைத்ததும் செய்தது முட்டாள்தனம். அப்பாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணையத்தில் தேடினேன். பாவித்த டிரைவர் ஒன்று 18,000 ரூபாவுக்கு விளம்பரத்தில் இருந்தது. டிரைவர் என்றால் பெரிய தலையோடு, ஆக நீளமாக இருக்கும் மட்டை. டீவியில் காட்டும் அடியெல்லாம் அதில்தான். பெரிய கொம்பனிப் பேர், கறுப்பு நிறம், மினுக்கம். ஓ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துச் சேர்த்த காசு, கொஞ்சம் மஹாபொல காசு. அனுப்பினேன். பார்சல் வந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கினார். ஒருதரம் தூக்கிப் பார்த்தார். தலையைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். கழுத்துப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எவ்வளவு குடுத்த?"

சொன்னேன்.

"இங்க சின்னதா நம்பர் வெட்டியிருக்கும். இதுல இல்ல. எழுத்தப் பாரு, மேலால பெயிண்ட் அடிச்சிருக்கான். உள்ளுக்க என்னமோ உருளுது. இது டூப்பு."

நான் நம்பவில்லை. தோட்டத்து கிரவுண்டுக்குக் கொண்டுபோய் அடித்தேன். முதல் நாலு அடியும் பந்தில் படவில்லை. ஐந்தாவது பட்டது. பந்து பத்தடி போனது, தலை கழன்று தேயிலைக்குள் போனது. தம்பி அரைமணித்தியாலம் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். விற்றவரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

அப்பா சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. பிளேன்டி ஒன்று குடித்துவிட்டு, "சரி, உக்காரு" என்றார். அன்றைக்குத் தொடங்கியது எனக்கு உண்மையான வகுப்பு. கொல்ப் தொடங்க நினைக்கிற, கையில் காசு இல்லாத யாருக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடம், எத்தனை மட்டை என்பது. விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். 1930களின் கடைசியில்தான் அந்த எல்லை வந்தது. அதற்கு முன்பு இருபதுக்கு மேல் கொண்டுபோனவர்களும் உண்டு. (அந்தச் சட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்பாவின் வலது தோள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.) ஆனால் இத்தனை மட்டை கட்டாயம் வேணும் என்று எந்த விதியும் இல்லை. இதைத்தான் நிறையப்பேர் கவனிப்பதில்லை. 14 இருந்தால்தான் கொல்ப் என்று நினைத்து, விலையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

"பதினாலு, அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. ஒனக்கு ஆறு போதும்" என்றார் அப்பா.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரும்பு மட்டைகளுக்கு நம்பர் இருக்கும். நம்பர் கூடக் கூட மட்டையின் முகம் கூடுதலாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், தண்டு குட்டையாகும். பந்து உயரமாக எழும்பி, கிட்டத்தில் விழும். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் மூன்று, நாலு பாகை வித்தியாசம்தான். நன்றாக விளையாடுகிறவருக்கு அது பத்து யார் அளவு தூர வித்தியாசம். புதிதாகத் தொடங்குகிறவருக்கோ ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒரே இடத்தில்தான் போய் விழும். அதனால் ஒற்றை விட்டு ஒற்றை எடுத்தால் போதும். அதைத்தான் அரை செட் என்பார்கள். 7, 9, மணல் குழியிலிருந்து எடுக்க ஒரு சாண்ட் வெட்ஜ், தூரத்துக்கு ஒரு ஐந்தாம் நம்பர் வுட், அதோடு ஒரு ஹைபிரிட், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். பாணில் பூசுகிற பட்டர் இல்லை.

டிரைவர் அந்த ஆறில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆக நீளமான தண்டு, ஆகக் குறைந்த சாய்வு. கை கொஞ்சம் பிசகினாலும் பந்து பக்கவாட்டில் வளைந்து காட்டுக்குள் போகும். கடையில் ஆக விலையானதும் அதுதான். நான் ஆகக் கஷ்டமானதை, ஆக விலையானதை, அதுவும் பொய்யானதை முதலில் வாங்கியிருந்தேன்.

இரண்டாம் பாடம், மட்டையின் முதுகு. முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், முதுகைத் திருப்பிப் பாருங்கள். சமதளமாக, கத்திபோல மெல்லியதாக இருந்தால் அது கைதேர்ந்தவர்களுக்கானது. நடுவில் குழிவிழுந்து, எடை ஓரங்களில் இருந்தால் அதுதான் நமக்கு. நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் அது முழுக்கக் கைவிடாது. 1960களிலிருந்து பிங் கொம்பனியின் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர் இந்த எடைப் பங்கீட்டைப் பரவலாக்கினார். இப்போது எல்லாக் கொம்பனியும் செய்கிறது. அதனால் இருபது வருஷப் பழைய மட்டையிலும் இது கிடைக்கும். புதுசு தேவையில்லை.

மூன்றாம் பாடம், தண்டு. இரும்புத் தண்டு பாரம், விலை குறைவு. கிராபைட் தண்டு பாரம் குறைவு. தண்டில் ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். எல் என்றால் நன்றாக வளையும், பெண்களுக்கு என்று செய்தது. ஏ வயது போனவர்களுக்கு. ஆர் சாதாரணம். எஸ் விறைப்பு. பேரைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். மெதுவாக வீசுகிறவருக்கு வளைகிற தண்டுதான் பந்தை எழுப்பிக் கொடுக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எஸ் வாங்கி, பந்து எழும்பாமல் திணறிய வாட்டசாட்டமான ஆட்களுக்கு அப்பா பை தூக்கியிருக்கிறார்.

நீளத்துக்கு அவர் என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். சப்பாத்தோடு, கைகளைத் தளரவிட்டு. மணிக்கட்டிலிருந்து நிலத்துக்கு எவ்வளவு என்று அம்மாவின் தையல் டேப்பால் அளந்தார். உயரத்தை மட்டும் பார்த்தால் போதாதாம். ஒரே உயரத்தில் கை நீண்டவரும் இருப்பார், குட்டையானவரும் இருப்பார். எனக்குக் கை குட்டை. ஆண்களின் சாதாரண மட்டை எனக்கு நீளம் என்று அன்றைக்கே முடிவானது.

நான்காம் பாடம், பழையதைச் சோதிப்பது. தண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேணும். தலையும் தண்டும் சேருமிடத்தில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும், அது விலகி இடைவெளி தெரிந்தால் தலை ஆடுகிறதா என்று பார்க்க வேணும். கிராபைட் என்றால் நகத்தால் மேலிருந்து கீழே தடவ வேணும், வெடிப்பு இருந்தால் நகம் சொல்லும். முகத்தில் உள்ள கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால், முக்கியமாக வெட்ஜில், விலையைக் குறைக்கச் சொல்லலாம். பிடி காய்ந்து வழுக்கினால் பயப்படத் தேவையில்லை. சவர்க்காரம் போட்டுப் பிரஷால் தேய்த்தால் பாதி உயிர் வரும். வராவிட்டால் பிடியை மட்டும் மாற்றலாம்.

இத்தனையும் ஒரு புத்தகத்தையும் பார்க்காமல், விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். எங்கள் பீடத்தில் விரிவுரையாளர்கள் 'உள்ளூர் அறிவு' என்று சொல்லும்போது நான் குறிப்பெடுத்திருக்கிறேன். அது எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்ததை நான் குறிப்பெடுக்கவில்லை.

இரண்டு மாதம் தேடினோம். கண்டியில் ஒரு வயதான தம்பதி வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் அரை செட் இருந்தது. கேட்ட விலை 35,000. நானும் அப்பாவும் போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கார ஐயா பையை வெளியே கொண்டுவந்து வைத்தார். "யாருக்குப் பார்க்கிறீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"மகளுக்கு சேர்."

அப்பா ஒவ்வொன்றாக எடுத்தார். குழிவிழுந்த முதுகு, எல் தண்டு, நீளம் எனக்குக் கணக்கு. ஹைபிரிட் இல்லை, அதற்குப் பதில் ஐந்தாம் நம்பர் இரும்பு இருந்தது. பிடி ஆறும் கல்லுப்போல. அப்பா அதை மட்டும் விரலால் அழுத்திக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐயா அப்பா மட்டையை எடுத்து வைக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க விளையாடுவீங்களா?" என்றார்.

"இல்ல சேர். தூக்கியிருக்கேன்."

24,000க்குத் தந்தார். பையோடு, பழைய பந்து ஒரு டசினோடு.

கேற் வரைக்கும் போகும்போது அப்பா பழக்கத்தில் குனிந்து பையின் வாரைப் பிடித்தார். பிடித்தவர் நின்றார். வாரை என் பக்கம் நீட்டி, "இந்தா, ஒன் பேக்கு, நீயே தூக்கு" என்றார். கண்டி பஸ் நிலையம் வரை தூக்கினேன். ஆறு மட்டைதான். தோள் எரிந்தது. 14ஐ 22 வருஷம் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

பிறகு கொஞ்சம் வாசித்தேன். ஸ்பெயினின் செவே பயஸ்தெரோஸ் சிறுவயதில் பெட்ரேன்யா கடற்கரையில் ஒரே ஒரு மூன்றாம் நம்பர் இரும்பை வைத்து விளையாடிப் பழகியவர். அண்ணன் கொடுத்த மட்டை. எல்லா அடியையும் அந்த ஒன்றாலேயே அடிக்கப் பழகினார். பின்னால் மூன்று தடவை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார், 1979, 1984, 1988இல். அவரும் பை தூக்கியவர். சாண்ட் வெட்ஜை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் ஜீன் சரசனும் சின்ன வயதில் கெடிதான். இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. இந்தியத் தொழில்முறைச் சுற்றில் தங்கராஜா, பிரபாகரன் என்று இலங்கைக்காரர் பேர் வரும்போதெல்லாம் என் போனை வாங்கிப் புள்ளிப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறவர் அவர்.

நான் இன்னும் 18 குழி மைதானத்தில் விளையாடியதில்லை. அதற்குக் கட்டணம் இருக்கிறது, அது வேறு கதை. லீவுக்குப் போனால் விடியற்காலையில் தோட்டத்து கிரவுண்ட். தம்பியும் அவன் கூட்டாளிகளும் எனக்குப் பின்னால் நிற்க வேணும் என்பது சட்டம். அடித்து முடிந்ததும் எல்லோரும் பந்து பொறுக்கப் போவார்கள். ஏழாம் நம்பர் மட்டும்தான் முதல் மூன்று மாதம். ஒருநாள் ஒரு பந்து சத்தமே இல்லாமல், கையில் ஒன்றும் தெரியாமல் எழும்பிப் போனது. அந்த உணர்வை எழுதத் தெரியவில்லை. அப்பா சொன்ன 'நல்ல வெளையாட்டு' எது என்று அன்றைக்கு விளங்கியது.

அன்றைக்கு அப்பாவும் கிரவுண்டுக்கு வந்திருந்தார். கல்லில் உட்கார்ந்திருந்தவர் எழும்பி, "குடு பாப்போம்" என்றார். ஏழாம் நம்பர் அவருக்குக் குட்டை. கொஞ்சம் குனிந்து நின்றார். முழங்காலால் முழுதாகத் திரும்ப முடியவில்லை, பாதி வீச்சுதான். பந்து நேராகப் போய் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தது. தம்பியின் கூட்டாளிகள் கத்தினார்கள். அப்பா மட்டையின் முகத்தில் இருந்த புல்லைச் சட்டை நுனியால் துடைத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பி, என்னிடம் நீட்டினார். 22 வருஷமும் அவர் அப்படித்தான் நீட்டியிருப்பார்.

அந்த அசைன்மென்டில் நான் எழுதியது பொய்யில்லை. அந்தப் புல்வெளி யாருக்காகப் போடப்பட்டது, யார் தோளில் நடந்தது எல்லாம் உண்மைதான். ஆனால் தூக்கியவர்களும் அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்கள், ரசித்தார்கள், அடித்தவர்களைவிடச் சில விஷயம் கூடத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதை நான் எழுதவில்லை. இனி எழுதினால் அதையும் எழுதுவேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு நான் விலையைச் சொல்லவில்லை. அம்மா கொழுந்து பறிக்கிறார். தோட்டத்தில் ஒருநாள் வேலையை 'பேர்' என்பார்கள். எடை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். ஒருநாள் இரவு அம்மா பிடிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"இது எத்தனை பேருக்கு வந்துச்சு?"

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. 24,000ஐ அதால் பிரித்தால் கிட்டத்தட்ட 18 பேர். உடைந்த டிரைவரையும் சேர்த்தால் 31. நான் 18 என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கழுவி முடித்த மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மீதி 13 பேர் அப்பாவிடம் முதலிலேயே கேட்காததற்கு நான் கட்டியது. நீங்கள் தொடங்குவதென்றால், விளம்பரத்தைப் பார்க்க முதல், பை தூக்கிய ஒருவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.